டிட்டோ போட்ட பட்டியல்

ஒரு கோப்பைத் திறந்து அதிலிருந்து வரி வரியாகப் படிக்கிற ப்ரோக்ராம் எழுதத் தெரிந்தவர்கள் அந்த நாளில் கள்ளக்குறிச்சியில் இரண்டே பேர். ஒருவர் சேலத்துக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அப்போதும் இருந்ததில்லை. ‘பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ வாயி ஆவாது’ என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாய் இருந்ததால்தான் கணிதப் பட்டம் முடித்த கையோடு அடம்பிடித்து மெட்ராஸ் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வர முடிந்தது.

நான் வேலை பார்த்த மையம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஒரே கம்ப்யூட்டர். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட வேண்டும். அறையில் இருந்த ஒரே ஃபேன் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பியிருக்கும். கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை ஏறி வரும். நாங்கள் இரண்டு பேர் அங்கே: நானும், தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வரும் டைப்பிஸ்ட் அக்காவும். அக்கா டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். விசைப்பலகையைப் பார்க்காமலேயே அடிப்பார், அடிக்கும்போது மாமியாரைத் திட்டிக்கொண்டும் இருப்பார், இரண்டிலும் பிசகு வராது.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள். எங்கள் ஜனங்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். காலையில் எழுந்ததும் பஸ் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம். என் அண்ணன் மறியல் என்றால் முதல் ஆளாய்ப் போகிறவன். ஒரு முறை முதுகில் தடியடி வாங்கிக்கொண்டு வந்து குப்புறப் படுத்துக் கிடந்தான். அம்மா எண்ணெய் தடவினாள். “எத்தினி பேரு கீறோம்னு எண்ணவே இல்ல. எண்ணாம எப்பிடி பங்கு குடுப்பாங்க?” என்று தலையணையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது நியாயம் என்றே நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் யார் எந்தப் பட்டியல் போட்டாலும் உள்குத்து இருக்கிறதென்று ஊர் பேசும். அதனால்தான் எங்களுக்கு அந்த வேலை வந்தது. சங்கராபுரம் ரோட்டில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தனியார் நடத்தியது. அதன் தாளாளர் வெள்ளை வேட்டியும் பவுண்டன் பேனாவுமாக எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். விண்ணப்பம் போட்ட பெண்களை மதிப்பெண் வாரியாக, சாதிப் பிரிவு வாரியாகப் பட்டியல் போட்டுத் தர வேண்டும் என்றார். “கையால எழுதினா ஆயிரம் நொட்டை சொல்லுவாங்கம்மா. கம்ப்யூட்டர் லிஸ்ட்டுன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் ப்ரோக்ராம் முன்னால் ஊரே வாயை மூடப்போகிறது.

சி மொழியில் எழுதினேன். கோப்பிலிருந்து படிப்பதற்கு அதில் எஃப்ஸ்கேன்எஃப் என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரிசையில் என்னென்ன வரும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் வரிசை இது: முதலில் ஓர் எண், பிறகு பெயர், ஊர், பிரிவு என்று மூன்று சொற்கள், கடைசியில் மதிப்பெண். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் கட்டளை அங்கேயே நின்றுவிடும். சொல் இருக்க வேண்டிய இடத்தில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் இடம் விட்டால் இரண்டும் தனித்தனிச் சொல்லாகிவிடும் என்பதால், புள்ளி வைத்து ஒட்டி அடிக்கச் சொன்னேன். அக்கா பள்ளியின் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாளில் எல்லா வரிகளையும் ஆங்கிலத்தில் அடித்து முடித்தார்.

முதல் தடவை ஓட்டினேன். திரையில் ஒரே பெயர் மேலிருந்து கீழாக ஓட ஆரம்பித்தது. நூறு தடவை, இருநூறு தடவை, நிற்கவே இல்லை. அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, ஒரே பொண்ணு எல்லா சீட்டையும் வாங்கிக்கினு போறா?”

காரணம் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அக்கா பழகிய பழைய டைப்ரைட்டரில் ஒன்றாம் எண்ணுக்குத் தனி விசை கிடையாது. சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்று என்று அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டுக்கு நடுவிலும் எல் அடித்திருந்தார். ப்ரோக்ராம் ஏழு என்பதை மட்டும் படித்துவிட்டு, எல் எழுத்தைப் பார்த்து முரண்டு பிடித்து அங்கேயே நின்று, கடைசியாகப் படித்த பெயரையே திரும்பத் திரும்பக் காட்டியது. எல்லா எல் எழுத்தையும் மாற்றினோம். அதோடு விடாமல், எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எது வந்தாலும் வரி எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கும்படி ஒரு சோதனையையும் சேர்த்தேன். அதற்குப் பிறகு கோப்பு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடையில்லாமல் ஓடியது. இனி இதில் தப்பே வராது என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, “பெருமாளே வந்து சொன்ன மாதிரி சொல்ற” என்று சிரித்தார்.

பட்டியல் ஒட்டினார்கள். மலைவாழ் பழங்குடிப் பெண்களுக்கென்று பள்ளி இரண்டு இடம் ஒதுக்கியிருந்தது. கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து வந்த ஒருத்திக்கு முதல் இடம். இரண்டாவது இடத்துக்கு நேரே, ‘தகுதியானவர் இல்லை’ என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். காலியான அந்த இடத்தைப் பிற்பட்டோர் பட்டியலில் அடுத்து நின்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண் என் சித்தப்பா மகள். சேதியைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சொன்னதே நான்தான். சித்தி என் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். நிலத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத குடும்பத்தில் ஒருத்தி டீச்சராகப் போகிறாள். அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாலைந்து நாள் கழித்து மறுபடி மறியல். வழியெங்கும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மையத்தில் பெரிதாக வேலை இல்லை, அக்கா மட்டும் யாரோ ஒருவரின் மொபெட்டில் தொற்றிக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்திருந்தார். மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தாள். கணுக்கால் வரை புழுதி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, கையில் ஒரு ரெக்ஸின் பையோடு கதவருகில் நின்றாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருகிறாளாம். கச்சிராயபாளையம் வரை பஸ், அதற்குமேல் ஓடவில்லை, நடந்தே வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தோம். இரண்டு சொம்பு குடித்தாள்.

“லிஸ்ட்டு போட்டது நீங்கதானாங்க?” என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

“எனக்கு எழுநூத்தி அறுவது மார்க்குங்க. என்கூடப் படிச்சவளுக்கு எழுநூத்தி இருவது. நாங்க ரெண்டு பேரும் ஒரே விடுதி, ஒரே இனம். அவளுக்கு லெட்டர் வந்திருக்கு. எனக்கு வரலை. இஸ்கூல்ல கேட்டா, கம்ப்யூட்டர்ல போட்டது, அங்க போயி கேளுன்னுட்டாங்க.”

அழுகையோ கெஞ்சலோ அவளிடம் இல்லை. கணக்கு இடிக்கிறது, யாரிடம் கேட்பது என்கிற முகம் மட்டும்தான் இருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்காரச் சொல்லி, கோப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. “ப்ரோக்ராம் தப்பு பண்ணாதும்மா. ஒவ்வொரு வரியையும் செக் பண்ணித்தான் படிக்கும்” என்று பாடம் எடுத்தேன். நடந்து வந்தவளின் புழுதிக்காலைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

நம்பட்டும் என்று துளை போட்ட காகிதத்தில் அடித்த பட்டியல் நகலை எடுத்து விரித்தேன். மலைப் பிரிவில் ஒரே ஒரு பெயர், அவள் தோழி. இவள் பெயரைத் தேடினேன். பொதுப் பிரிவில், நடுவில் எங்கேயோ கிடைத்தது. “இதோ பாரு. உன்ன பொதுவுலதான் போட்டிருக்கு. அங்க கட் ஆஃப் ஜாஸ்தி, அதான் வரல” என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அவள் குனிந்து அந்த வரியைப் படித்தாள். பெயர், ஊர், அடுத்த கட்டத்தில் ‘டிஓ’ என்று இரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் டிட்டோவைச் சுருக்கிப் போடுவது. தாலுக்கா ஆபீஸிலிருந்து கல்யாண மொய் நோட்டு வரைக்கும், ஒரே சங்கதியைத் திரும்ப எழுதச் சோம்பல்பட்டு மேற்படி, மேற்படி என்று இறக்கிக்கொண்டே போகிற ஊர் இது. அதை ஆங்கிலத்தில் அடித்தால் டிஓ. பள்ளியில் அந்தப் பட்டியலைப் பார்த்த அத்தனை பேருக்கும் அது உறுத்தவில்லை. மேல்வரியில் இருந்ததுதான் இதற்கும் என்று சரளமாகப் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கும் உறுத்தவில்லை.

“எனக்கு மேல இருக்கறவங்க யாருங்க?” என்றாள்.

“தெரியல. சின்னசேலம்னு போட்டிருக்கு.”

“அவங்களை எனக்குத் தெரியாதுங்களே. எனக்கு மேல எழுதுனது என் தோழி பேருங்க. எங்க விடுதியில ஆறு பேரோட விண்ணப்பத்தையும் கட்டா கட்டி, மேல ஒரு லிஸ்ட்டு வெச்சுக் குடுத்தாங்க. கையெழுத்து நல்லாருக்குதுன்னு என்னைத்தான் எழுதச் சொன்னாங்க. அவளுக்கு முதல்ல இனத்தை முழுசா எழுதிட்டு, எனக்கும் மத்தவங்களுக்கும் மேற்படின்னு போட்டேன்.”

அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்பது அந்த நிமிஷத்திலேயே முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய மேற்படி பள்ளிப் பதிவேட்டுக்குள் அப்படியே ஏறியது. பதிவேட்டில் இருந்ததை அக்கா பிசகில்லாமல் டிஓ என்று அடித்தார். பிரிவு என்பது சொல் வர வேண்டிய இடம், டிஓ-வும் ஒரு சொல், என் கட்டளை அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. எந்தப் பிரிவிலும் அடங்காத வரியைப் பொதுவில் தள்ளு என்று எழுதிவைத்ததும் நான்தான். அதற்குப் பிறகு மதிப்பெண் வாரியாக எல்லா வரிகளையும் கலைத்து அடுக்கினேன். தோழிக்குக் கீழே இருந்த ஐந்து பெண்களும் முகம் தெரியாத யார் யாருக்கோ கீழே போய் நின்றார்கள். எண்ணில் தப்பு வந்தால் ப்ரோக்ராம் சண்டித்தனம் பண்ணிக் காட்டிக்கொடுத்துவிட்டது. இதில் சத்தமே வரவில்லை, சத்தம் வராததையே நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: “நான் முழுசா அடிச்சிருக்கணும்.”

“மேற்படின்னு போட்டது நான்தாங்க” என்றாள் அந்தப் பெண்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் அவர்கள் மேல் இல்லை.

திருத்துவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. படித்த சொல் டிஓ என்றால், முந்தைய வரியின் பிரிவை எடுத்து அதில் போடு. அதையும் படிக்கும்போதே, வரிசை கலைவதற்கு முன்னாலேயே போடு. நாலு வரி. ஓட்டினேன். மலைப் பிரிவில் ஆறு பெயர்கள் வந்தன. முதலில் இவள், இரண்டாவது தோழி. இவள் தன் பெயரைத் திரையில் பார்த்தாள், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் பிற்பட்டோர் பட்டியலின் கடைசியைப் பார்த்தேன். மலைப் பிரிவின் இரண்டாவது இடம் நிரம்பிவிட்டதால், என் சித்தப்பா மகள் மறுபடி காத்திருப்போர் வரிசைக்கு இறங்க வேண்டும்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நினைப்பு வந்தது. இந்தப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் பார்த்துச் செய்யலாம், இப்போது திரும்பிப் போகச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. பிரிண்டரை ஓடவிட்டு, அது அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மூவரும் நடந்து பள்ளிக்குப் போனோம். ரோட்டில் கிடந்த புளியமரங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒன்றிரண்டை என் அண்ணனே வெட்டியிருப்பான். அவள் எனக்கு முன்னால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கிப் போனாள். எங்கள் ஜனங்களை யாரும் எண்ணவில்லை என்று மரத்தை வெட்டிப் போட்டவர்கள் நாங்கள். இவளை எண்ணாமல் விட்டவள் நான். வெட்கமாக இருந்தது.

தாளாளர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. “ஒட்டியாச்சும்மா. லெட்டரும் போயாச்சு. ஊரு இருக்கற இருப்புல இப்ப மாத்தினா, எவன்கிட்டயோ காசு வாங்கிக்கினு மாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டருன்னு சொல்லித்தான அத்தினி பேரு வாய அடச்சேன்? அடுத்த வருஷம் இந்தப் பொண்ணுக்கு மொத சீட்டு, நான் பொறுப்பு” என்றார்.

“எடுபடப்போறது என் சித்தப்பா பொண்ணு பேருங்க. நான் வாங்கிக்கினு மாத்தினேன்னு எவனும் சொல்ல முடியாது” என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, தப்பு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார், அதையும் சேர்த்தே ஒட்டப்போவதாகச் சொன்னார். அக்கா தன் பெயரையும் போடச் சொன்னார். போடவில்லை. முதல் பட்டியலைத் தயாரித்தபோது கோப்பைச் சரியாகப் படிக்காத தவறு என்னுடையது என்று தமிழில் எழுதி, இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன். அதை அவர் அறிவிப்புப் பலகையில் குத்தினார். இரண்டு மலைப் பெண்களின் பெயரும் அதற்குக் கீழே வந்தது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, இருட்டுவதற்குள் பாதி வழியாவது போக வேண்டும் என்று கிளம்பினாள். அக்கா தன் சோற்று டப்பாவை அவள் பையில் திணித்து அனுப்பினார்.

என் வேலை போகவில்லை. மையத்து முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு வேறு ஆள் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. அண்ணன்தான் அன்று மாலை வாசலிலேயே வழிமறித்தான். “அவனவன் அடி வாங்கி ஒரு சீட்டு ரெண்டு சீட்டுன்னு கேட்டுக்கினு கீறான். வந்த சீட்டத் தூக்கிக் குடுத்துட்டு வந்துக்கிறியா நீ?”

“அது நமக்கு வந்த சீட்டு இல்லண்ணா. அந்தப் பொண்ண நான் எண்ணாம வுட்டதால நம்ம கையில வந்து வுழுந்தது” என்றேன்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முதல் தடவை சேதி சொன்னவள் நான், இதையும் நானே சொல்லுவதுதான் மரியாதை. சித்தி அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தப்பா ஏர்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மகள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். மலைப் பெண் யார், எப்படி விட்டுப்போனாள், எங்கே தப்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“என்னோட வரியையும் அப்பிடி ஏதாவது தப்பாப் படிச்சுதாக்கா?” என்று கேட்டாள்.

அவள் கண்ணில் ஒரு ஆசை இருந்தது.

“இல்லம்மா. உன்னுது மொத தடவையும் சரியாத்தான் படிச்சுது. ரெண்டாவது தடவையும் சரியாத்தான் படிச்சுது.”

தலையை ஆட்டினாள். “அப்ப செரி. அந்தப் பொண்ணுதுதான். ஆனா நீ கொஞ்ச நாளைக்கு எங்க வூட்டுக்கு வராதக்கா” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஊர் எல்லை வரைக்கும் அழுதுகொண்டே மிதித்தேன்.